அக்கி காரணமாகக் காதுகுத்துக்கு வர இயலாதது குறித்து

அரூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சகலை சத்யராஜ் அவர்களுக்கு,

பச்சியப்பன் எழுதுவது. நானும் தேன்மொழியும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை, முடியவில்லை. நீங்கள் நலம் என்பதை உங்கள் கம்பைநல்லூர் முழுக்க அறியும். போனில் சொன்னால் உங்கள் மனைவி ராதிகா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள் என்பதால் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை உங்கள் மூன்றாவது குழந்தையின் காதுகுத்துக்கு என்னால் வர இயலாது. இடுப்பில் அக்கி. கொப்புளத்தோடு கைக்குழந்தை பக்கம் போகக் கூடாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். உண்மையான காரணம் இதுதான். நாற்பத்தொன்பது வயதில் நீங்கள் மறுபடி அப்பாவானதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது என்பதும், அழைப்பிதழில் குழந்தையைவிட உங்கள் படம் பெரிதாக இருந்தது என்பதும் வேறு விஷயம்.

அக்கி வந்ததும், பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு நடத்தும் என்னைத் தேன்மொழி பானை செய்யும் சென்னம்மாளிடம் இழுத்துப் போனாள். அக்கிக்குக் கொப்புளத்தின் மேல் காவியால் சிங்கம் எழுதும் வழக்கம் நீங்கள் அறிந்ததே. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா எழுதி முடித்ததும் குனிந்து பார்த்தால், பட்டினி கிடந்த ஆடு மாதிரி இருந்தது. "என்னங்கம்மா, சிங்கம் இப்படி இளைச்சிருக்கு?" என்றேன். "எடம் பத்தலைங்க சார். போன தையில உங்க சகலைக்கு எழுதினேன் பாருங்க, பிடரியோட! எவ்ளோ அகல முதுகு!" என்றார். எனக்கு வந்த நோய் உங்களுக்கு வந்து போன பழசு என்பதும், அதிலும் நல்ல சிங்கம் உங்களுக்கே கிடைத்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அக்கியைவிட அது அதிகம் எரிந்தது.

காவி காய்ந்தும் வலி குறையாததால் டாக்டரிடம் போனோம். மகள் வயதிருக்கும் அந்தப் பெண் சர்க்கரை, பிரஷர் எல்லாம் விசாரித்துவிட்டு, தேன்மொழி பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார்: "தாம்பத்தியத்துல ஏதாச்சும் சிரமம் இருக்குங்களா சார்? விறைப்புக் குறைபாடு இருக்கற ஆம்பளைங்களுக்கு அக்கி கொஞ்சம் அதிகமா வருதுன்னு சில ஆய்வுங்க சொல்லுது. ஒண்ணால ஒண்ணு வருதுன்னு இல்லைங்க, ரெண்டுக்கும் அடியில சர்க்கரை மாதிரி ஒரே காரணம் இருக்கலாம். அதான் கேக்கறேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்றேன், வினாத்தாள் வெளியானதா என்று கேட்கப்பட்ட தலைமையாசிரியரின் குரலில். தேன்மொழி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு வருசமா இருக்குங்க டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? என்னைப் புடிக்காமப் போச்சுன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். ராதிகா வூட்டுக்கு நான் மட்டும் போறேன்." எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. பெட்டியில் எட்டுப் புடவை இருக்கிறது.

நான் எப்படிச் சொல்வேன்? விளக்கணைத்ததும் எனக்கு நினைவுக்கு வருவது நீங்கள்தான். அதற்குப் பிறகு எந்த மனிதனால் என்ன முடியும்? ஆகவே என் வீழ்ச்சிக்கு நீங்களே காரணம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

குழந்தை நூறாண்டு வாழட்டும். ராதிகாவுக்கு அன்பு. உங்களுக்கு வழக்கமான மரியாதை.

இப்படிக்கு,
பச்சியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தேன்மொழி படித்துவிட்டாள். சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரமாகிவிட்டது. ராதிகா இவளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள், உங்களுக்கும் இதே சிரமம் இருந்ததாமே? முதல் மாதமே நீங்களாக ராதிகாவிடம் சொல்லி, இருவருமாகப் போய் வைத்தியம் பார்த்தீர்களாமே? குழந்தையே அதற்குப் பின்தானாமே? "பொறாமைப்படறதுன்னா, அந்த மனுசன் வாயத் தொறந்து சொன்னாரே, அதுக்குப் படுங்க" என்கிறாள். இந்த வியாதியில்கூட எனக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமா, சகலை? மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். கொப்புளம் காய்ந்துவிட்டால் குழந்தையிடம் வரலாம் என்று டாக்டர் சொன்னதை நான் எழுதாமல் விட்டிருந்தேன், நேற்றே காய்ந்துவிட்டது. புதன்கிழமையே இருவரும் வருகிறோம். உங்கள் டாக்டரிடம் போக என்னோடு வருகிறாயா என்று தேன்மொழியிடம் நானே கேட்டுவிட்டேன்; வருகிறாள். உங்களுக்குக் குணமாக எத்தனை மாதம் ஆயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதம் முன்னதாகவே முடித்துக் காட்டுகிறேன்.