மாப்பிள்ளை அனுப்பிய ஐந்து நிமிடம்

பனவடலிசத்திரம்,
சங்கரன்கோவில் வட்டம்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருண்குமார் அவர்களுக்கு மாமனார் கருத்தப்பாண்டி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை மாரித்தாயும் மாடுகளும் நலம். கிணறு மட்டும் நலமில்லை. போனில் பேசினால் மருமகனிடம் பேசக்கூடாத வார்த்தை ஏதாவது வந்துவிடும் என்று உங்கள் அத்தை போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் கடிதம் எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து நீங்கள் அக்கறையோடு செய்து அனுப்பிய பெட்டியை மோட்டாரில் மாட்டினோம். போனில் நிமிடத்தைத் தட்டினால் போதும், நீங்கள் எழுதிய பைத்தான் புரோகிராம் அதைப் பொட்டலம் கட்டி நெட் வழியாக அனுப்பும், பெட்டி பிரித்துப் பார்த்து மோட்டாரைப் போடும் என்றீர்கள். அந்தப் பெருமை தாங்காமல், சிவகிரியில் ஒரு கல்யாண வீட்டு மதியப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "ஏ பாருங்கவே, இங்கன இருந்தே பிச்சிப்பூச் செடிக்குத் தண்ணி பாய்ச்சுதேன்" என்று ஐந்து நிமிடம் தட்டினேன். மோட்டார் ஓடுவதாகப் போனில் பச்சை எரிந்ததும் பந்தியே எட்டிப் பார்த்தது. எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விழுந்தது. இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து பார்த்தால் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்குப் பார்த்து கரண்டும் போகவில்லை. கிணற்றில் தரை தெரிகிறது, தவளைகள் என்னை அண்ணாந்து பார்க்கின்றன. தண்ணீர் பிச்சிச் செடிகளை முக்கி, வரப்பை உடைத்து, பக்கத்து வயல் குருசாமி விதைக்கென்று பள்ளத்துக் களத்தில் காயப்போட்டிருந்த உளுந்துக்குள் புகுந்துவிட்டது. அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"வே கருத்தப்பாண்டி, உளுந்தை ஊறப்போட்டுட்டீரு. ஆட்டுக்கல்லையும் தூக்கிட்டு வாரும், இங்கனயே வடை சுட்டுருவோம்!"

பதறிப்போய் உங்களுக்குப் போன் போட்டேன். "மாமா, எண்டியன் மாறிட்டு" என்றீர்கள். "மாறலை மாப்ள, மோட்டார் கோயம்புத்தூர்ல செஞ்சது, சுத்த இந்தியன்தான்" என்றேன். பிறகு உங்களிடமிருந்து போனை வாங்கி என் மகள் ஜெயசித்ராதான் விளக்கினாள்.

"யப்பா, எண்டியன்னா கட்டத்தை எந்தப் பக்கமிருந்து வாசிக்கதுங்கிற வரிசை. அஞ்சை ரெண்டு கட்டத்துல வச்சு அனுப்பணும். அவுக சைபர் முதல்ல, அஞ்சு பின்னாலன்னு வச்சாக. பெட்டி பின்னால இருந்து வாசிச்சுட்டு. சைபர் அஞ்சு, அஞ்சு சைபர் ஆயிட்டு."

"அப்ப ஐம்பது நிமிஷம்தானட்டி ஓடணும்?"

"நம்ம கணக்குல முன் கட்டத்துக்கு மதிப்பு பத்து. கம்ப்யூட்டர் கட்டத்துல அதுக்கு மதிப்பு இருநூத்தம்பத்தாறுப்பா. அஞ்சால பெருக்குங்க, ஆயிரத்து இருநூத்தி எண்பது நிமிஷம்."

பெருக்கிப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நனைந்த உளுந்துக்கு எங்கள் வீட்டு விதை உளுந்தை அளந்து கொடுத்தேன். குருசாமியும் மனமிரங்கிக் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். அக்கம்பக்கத்துப் பகை இல்லாமல் முடிந்ததே எனக்குப் போதும். பெட்டியைக் கழற்றிப் பார்சல் கட்டியாயிற்று. இனி என் கை பட்டால்தான் எங்கள் மோட்டார் ஓடும். உங்கள் மேல் துளியும் வருத்தமில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இருவரும் கட்டாயம் வரவேண்டும்; கம்ப்யூட்டர் மட்டும் பெங்களூரிலேயே இருக்கட்டும். கோமதியம்மன் உங்களையும் எங்கள் கிணற்றையும் காப்பாளாக.

அன்புள்ள மாமனார்,
கருத்தப்பாண்டி

பி.கு.: பார்சலைப் பிரித்துவிட்டேன். இப்போதுதான் குருசாமி வந்து, "வே, முட்டி வலியில கிணத்துக்கு நடக்க முடியலை. உம்ம மருமகன்ட்ட சொல்லி எனக்கும் ஒரு பெட்டி செஞ்சு தாரும்" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவசியம் அனுப்பவும். எங்கள் பெட்டியின் பிழையை உடனே திருத்திவிடுங்கள். அவருடையதைத் திருத்த வேண்டாம். அவர் கிணறு எங்கள் வயலுக்கு மேட்டில் இருக்கிறது.