வேல் அல்ல மச்சான், தூண்டில்தான்

கவுஞ்சி,
வியாழக்கிழமை காலை.

ஆயக்குடி கொய்யாத் தோப்புக்கு உடையவரும், கோபம் வந்தாலும் நியாயம் தவறாதவருமான பெரிய மச்சான் மயில்சாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மணிமேகலையைக் கட்டிய வேலுச்சாமி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் இரண்டு மாடுகளும் பூண்டுக் காடும் ஒருவாறு இருக்கிறோம். அங்கே தங்கள் உடம்பும், அக்கா கந்தம்மாளின் முழங்காலும், இந்தப் பருவத்துக் கொய்யாவும் நல்லபடியாக இருக்கத் தண்டாயுதபாணியை வேண்டுகிறேன். போனில் பேசலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தாங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள். கடிதம் என்றால் முடிவு வரைக்கும் நான் ஒருவனே பேசலாம். ஆகையால் எழுதுகிறேன்.

மச்சான், தங்கள் தங்கை தங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. போன வாரம் செவ்வாய்க்கிழமை, ஊர் திரும்பும் வழியில், பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். "பஞ்சாமிர்தம் வாங்கியாரேன், பையப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் இரண்டு பைகளையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஏறிய ஆயக்குடி பஸ் என் மூக்குக்கு முன்னால்தான் திரும்பிப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாளோ எனக்குத் தெரியாது. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் அது இன்னும் மோசம். எதுவானாலும் என் தரப்பையும் தாங்கள் ஒரு தரம் கேட்க வேண்டும்.

கல்யாணம் ஆகி முப்பது வருசத்தில் மணிமேகலை கடலைப் பார்த்ததில்லை. நான் அழைத்துப் போகவில்லை என்பதே சரி. ஒவ்வொரு வருசமும் பூண்டு நடவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் பிடுங்கவேண்டியிருந்தது. கடைசியில் எங்கள் மகள் ரோகிணியும் தூத்துக்குடி மாப்பிள்ளையும் சேர்ந்து, திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், தென்னைக்கு நடுவே ஓலை வேய்ந்த குடிசை மாதிரி கட்டியிருக்கிற ரிசார்ட்டில் எங்களுக்கு மூன்று நாள் ரூம் போட்டுவிட்டார்கள். மணிமேகலை ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "மூணு நாளும் எம் பக்கத்துல இருக்கணும். கடல்னா எனக்குப் பயம். கையப் புடிச்சுக்கிட்டுக் காலு நனைக்கணும். வேற சோலி எதுவும் வச்சுக்கக் கூடாது." நான் சரி என்றேன். மனசறிந்துதான் சொன்னேன். ஆனால் என் மனசு அன்றைக்கே இரண்டாக இருந்தது என்பதைத் தங்களிடம் மறைப்பதற்கில்லை.

என்னவென்றால், கொடைக்கானலில் நாங்கள் காய்கறி போடும் விடுதிக்காரர் ஞானவேல், பழைய சாமான் அறையை ஒழித்தபோது, யாரோ சுற்றுலாக்காரர் மறந்துவிட்டுப்போன ஒரு தூண்டிலை எடுத்து என் கையில் கொடுத்திருந்தார். "இது லேக்குக்கு ஆகாதுண்ணே, ஸீ ஃபிஷிங் ராடு. கரையில நின்னு அலைக்கு அங்கிட்டு வீசணும்" என்றார். பன்னிரண்டு அடி. இரண்டு துண்டாகக் கழற்றலாம். ஓடையில் மூங்கில் குச்சியால் விரல் நீளக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் இப்படி ஒன்றைக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? பூண்டுக் காட்டின் மேல்படியில் நின்று கீழ்ப்படிக்கு வீசிப் பழகினேன். மூன்றாவது வீச்சிலேயே பக்கத்து வீட்டுக் காளியாயி காயப்போட்டிருந்த ஸ்வெட்டரைப் பிடித்தேன். நான் ரீலைச் சுற்றச் சுற்ற ஸ்வெட்டர் கேரட் பாத்தி மேலே தானாக நடந்து வந்ததைப் பார்த்து அவர் அலறிய அலறலில் பாதி ஊர் கூடிவிட்டது. "ஏலே வேலு, ஒனக்கு என்னலே ஆச்சு?" என்று அவர் கேட்க, நான் ஸ்வெட்டரிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

என் கணக்கு எளிமையானது மச்சான். மணிமேகலை காலையில் ஆறரைக்குத்தான் எழுவாள். நான் ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரம் மீன், மீதி நேரமெல்லாம் மனைவி. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் பன்னிரண்டு அடியை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். யோசித்து யோசித்து, அது திருச்செந்தூர் முருகனுக்கு நான் நேர்ந்துகொண்ட காணிக்கை வேல் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் அழுகாமல் இருப்பது அவன் கருணை. மணிமேகலை கண் கலங்கிவிட்டாள். "இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லவேயில்லையே" என்று சொல்லி, இரண்டு துண்டையும் சேர்த்து மஞ்சள் துணியைத் தன் கையாலேயே சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். வழியெல்லாம் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ரயிலில் ஒரு போலீஸ்காரரே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரீல் என் ஸ்வெட்டர் பையில் கிடந்து விலாவைக் குத்திக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்ததும் மணிமேகலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு?" என்று மட்டும் கேட்டாள். "நாளைக்குக் கால் நனைக்கலாம்" என்றேன். "வேல எப்ப கோயில்ல வைக்கிறது?" என்றாள். மூன்று நாள் விடியற்காலையில் கடல் தண்ணீரில் நனைத்த பிறகுதான் சந்நிதியில் வைக்க வேண்டும், அதையும் நேர்ந்தவன் தனியாகத்தான் செய்ய வேண்டும், வேண்டுதல் அப்படி என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுக்கும் என்பார்கள். என் விஷயத்தில் அவை பந்தலே போட்டுவிட்டன.

சனிக்கிழமை விடியலில், பழக்கதோஷத்தில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகப் போய் வீசினேன். முதல் வீச்சில் இரையாகக் கோத்த இறால் ஒரு பக்கம் போனது, முள் ஒரு பக்கம் போனது. இரண்டாவது வீச்சில் பாசி வந்தது. வந்த பாசியை அவிழ்க்கலாம் என்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மச்சான், எங்கள் மலையில் மண் என்றால் நின்ற இடத்தில் நிற்கும். அங்கே காலுக்கடியில் இருக்கிற மணலையே அலை உருவிக்கொண்டு போகிறது. பின்னாலிருந்து வந்த அடுத்த அலை என்னை மடித்துக் கரையில் வைத்தது. அப்போது தலையில் கூடையோடு வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்தார். வடிவு என்று பெயர், அங்கேயே மீன் விற்கிறவர், தூண்டிலும் போடுவார். "என்னண்ணே செய்திய? கடலுக்கு முதுகக் காட்டலாமா? அது நம்ம மாமியார் மாதிரி, மொகத்தப் பாத்துக்கிட்டேதான் நிக்கணும்" என்றார். அலை உடைகிற இடத்துக்கு அங்கிட்டு வீச வேண்டும், கம்பை மணலில் ஒரு குழாய் நட்டு நிறுத்த வேண்டும், நுனியில் சின்ன மணி கட்டினால் மீன் இழுக்கும்போது சத்தம் கேட்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்து, தன்னிடமிருந்த குழாயையும் மணியையும் தந்துவிட்டும் போனார். நான் ரூமுக்குத் திரும்பும்போது மணி ஏழரை. மணிமேகலை வாசலில் இரண்டு டம்ளர் காபியோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டும் ஆறியிருந்தன. "வேல நனைக்கப் போனீங்களா, நீங்க நனையப் போனீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கெல்லாம் என் மேல் இறால் வாடை அடித்ததால் ஒரு பூனை எங்களோடேயே சுற்றியது. பகல் வெயிலுக்கு அவளும் கடல் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் வினையானது. "இன்னைக்கு வெள்ளனே நானும் வாரேன். சூரியன் வாரதப் பாக்கணும். காலு நனைக்கணும்" என்று ஐந்து மணிக்கே எழுந்து தலை பின்னிக்கொண்டாள். நான் முன்னால் ஓடி, தூண்டிலை வீசி, குழாயில் நட்டு, மணியைக் கட்டிவிட்டு, ஐம்பது அடி தள்ளி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அரை இருட்டில் மஞ்சள் துணியோடு நிமிர்ந்து நின்ற கம்பைக் காட்டி, "வேல் அங்க நனையுது" என்றேன். அவள் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மணி எதுக்குக் கட்டியிருக்கு?" என்றாள். "பூசை மணி" என்றேன்.

அப்புறம் கொஞ்ச நேரம் மிக நன்றாக இருந்தது மச்சான். சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து தக்காளிப்பழம் மாதிரி வந்தது. அலை வரும்போதெல்லாம் அவள் என் விரல்களை நெரித்தாள். "ஐயோ, ஐயோ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டடி உள்ளே போகலாம் என்று அவளே சொன்னாள். முழங்கால் வரைக்கும் போனோம். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

நான் கையை விட்டேன். இதில் நான் வாதாடப் போவதில்லை. விட்டேன், ஓடினேன். மணிச் சத்தம் கேட்டதும் அவள் சாமிதான் வந்துவிட்டார் என்று இரண்டு கையையும் குவித்துக் கண்ணை மூடியிருக்கிறாள். அதனால் அலை வந்ததைப் பார்க்கவில்லை. நான் அங்கே கம்பை வளைத்துப் பிடித்து, சுறாவோ என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிக் கரைக்கு இழுத்தால், உள்ளங்கையளவு மீன் ஒன்று வந்தது. மணலில் விழுந்ததும் அது மூச்சை இழுத்து உப்பி உப்பிப் பந்து மாதிரி ஆகி, என்னையே முறைத்தது. "அது பேத்தைண்ணே! வெசம்! திங்கப்படாது, திருப்பி வுடுங்க!" என்று வடிவம்மாள் தூரத்திலிருந்து கத்தியபடி ஓடி வந்தார். ஆனால் அவர் ஓடியது என்னிடம் இல்லை. மணிமேகலையைத் தூக்கிவிட. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தலை முதல் கால் வரை மணலும் பாசியுமாக, ஒரு செருப்போடு தங்கள் தங்கை நடந்து வந்தாள். தான் சுற்றிய மஞ்சள் துணியைப் பார்த்தாள். ரீலைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். எங்கள் மூவரில் மீன்தான் முதலில் சுருங்கியது.

"முப்பது வருசத்துல ஒரு நா கேட்டேன்" என்றாள். "அதுவும் ஒரு கையி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் மச்சான். அவள் ஒற்றைச் செருப்போடு ரூமுக்கு நடந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தேங்காய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ஒற்றைச் செருப்புக்கு ஜோடி தேடி அரை மைல் நடந்தேன். திங்கட்கிழமை காலையில் வேண்டுமென்றே எட்டு மணி வரை படுத்திருந்தேன். எழுந்து பார்த்தால் அவளும் இல்லை, தூண்டிலும் இல்லை. பத்து மணிக்கு வெறுங்கையோடு வந்தாள். "எங்க அது?" என்றேன். "குடுக்க வேண்டிய எடத்துல குடுத்தாச்சு" என்றாள். கோயிலில் வைத்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். மத்தியானம் சந்நிதியில் நின்றபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணில் பட்ட வேலெல்லாம் பன்னிரண்டு அடியாகத் தெரிந்தது. "முருகா, அதை நீ வேலாகவே ஏற்றுக்கொள், ரீல் மட்டும் என் தப்பு" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. ஒன்பது நாளாக வீட்டில் நான் வைக்கிற ரசத்தை மாடுகூடக் குடிப்பதில்லை. ஆளில்லாத வீட்டில் குளிர் இரண்டு மடங்காக இருக்கிறது. பூண்டு பிடுங்குகிற நேரம், ஆனால் நான் அதற்காக அவளைக் கூப்பிடவில்லை. பூண்டு மண்ணிலேயே கிடக்கட்டும். இனி என் கை மீனைத் தொடாது, கடலைத் தொடாது, ஓடைக் கெண்டையைக்கூடத் தொடாது என்று இதனால் உறுதி கூறுகிறேன். தாங்கள் எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கையை அனுப்பிவைக்க வேண்டும். அவள் கோபம் ஆறாது என்றால் ஆயக்குடிக்கே வந்து தங்கள் தோப்பில் கொய்யா பறித்துக்கொண்டு கிடக்கவும் சித்தமாக இருக்கிறேன்.

தங்கள் தோப்பு காய்த்துக் கிளை தாழட்டும். அக்காவின் முழங்கால் படியேறட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடும், சிறியவர்களுக்கு என் ஆசியும், மணிமேகலைக்கு அவள் எதை ஏற்றுக்கொள்வாளோ அதுவும்.

இப்படிக்கு,
தப்பை ஒப்புக்கொண்ட
வேலுச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ரோகிணியிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. அதனால் மேலே எழுதியதில் பாதியைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. மீதிப் பாதியும் வீண்தான். படத்தில் வடிவம்மாள் வீட்டு வாசல். நடுவில் மணிமேகலை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் என் பன்னிரண்டு அடித் தூண்டிலோடு நிற்கிறாள். பக்கத்தில் கூடை நிறையக் கிழங்கான் மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியத் தாங்கள் நிற்கிறீர்கள் மச்சான். அந்தத் திங்கட்கிழமை அவள் தூண்டிலைக் கோயிலில் வைக்கவில்லையாம். வடிவம்மாளோடு போய் வீசிப் பார்த்து ஏழு மீன் பிடித்திருக்கிறாள். தூண்டிலை அங்கேயே கொடுத்துவைத்துவிட்டு, திரும்பவும் கடலுக்குப் போகத் துணைக்கு ஆள் தேடித்தான் ஆயக்குடிக்குப் போயிருக்கிறாள். உடனே கூப்பிட்டேன். அவளே எடுத்தாள். அலைச் சத்தத்துக்கு நடுவில் கத்தினாள்: "வாரதுன்னா வெரசா வாங்க! பிடிக்க ரெண்டு பேரு இருக்கோம். மீன அலச ஆளில்ல!" மாட்டைக் காளியாயி வீட்டில் கட்டிவிட்டேன். பதினொன்றரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். தாங்கள் வீட்டில் இல்லாததால் இதை நானே கையில் கொண்டுவருகிறேன். படித்துவிட்டுத் தயவுசெய்து தங்கையிடம் காட்டாதீர்கள்.