தண்ணீர்ப் பந்தல் பி.ஏ.

சுந்தர்சிங் அந்தக் கடிதத்தை நாலாவது தடவையாகப் படித்தான். நாலு தடவை படித்தால் எழுத்து மாறிவிடுமா என்ன? மாறவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி ரயிலில் மிஸ் லோயிஸ் என்பவர் திருத்தணிக்கு வருகிறார். ஆடிக் கிருத்திகைக்கு வரும் யாத்ரீகர்களுக்காக அவன் ஐந்து வருஷமாக நடத்திவரும் தண்ணீர்ப் பந்தலை நேரில் பார்வையிடுவார்.

ஐந்து வருஷம் என்று எழுதியது அவன்தான். நடத்தியது ஐந்து நிமிஷம்கூட இல்லை.

யுத்தம் முடிந்து மறு வருஷம் அது. சுந்தர்சிங் பி.ஏ. தேறி இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தான். பட்டதாரிகளுக்குப் பம்பாயில் சமூக சேவை என்று ஒரு மேல்படிப்பு உண்டென்றும், அதைப் படிக்க வருஷத்துக்கு ஒரே ஒருவருக்குச் சென்னையில் ஒரு தர்ம சங்கம் உபகாரச் சம்பளம் கொடுக்கிறதென்றும் பேப்பரில் பார்த்து மனுப் போட்டான். மனுவில் பெயர், ஊர், வயது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. 'இதுவரை நீர் செய்துள்ள சமூக சேவை யாது?' என்று கேட்டு அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அங்கேதான் பேனா நின்றது. எவ்வளவு யோசித்தும், போன மழையில் பக்கத்து வீட்டு ஆட்டைப் பிடித்துக் கட்டியது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஓர் ஆட்டை வைத்து அரைப் பக்கத்தை நிரப்ப முடியுமா? சரவணப் பொய்கைக் கரையில் வருஷா வருஷம் பார்த்த தண்ணீர்ப் பந்தல் கண்முன் வந்தது. அதை எடுத்துத் தன் பெயரில் எழுதிவிட்டான்.

எழுதினதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. அவனுடைய அப்பா ஜெபதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மனுப் போட்ட மறு ஞாயிறே மிஷன் கோயிலில் எழுந்து நின்று, "எம்பிள்ளை மேல்படிப்புக்குப் பம்பாய் போறான், எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். சபையே முழங்கால் போட்டது. அம்மா தபிதாள் இரண்டு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்துவிட்டாள். இனிமேல் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

வியாழக்கிழமை சாயங்காலம், கிருத்திகைக் கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு, சுந்தர்சிங் பொய்கைக் கரைக்குப் போனான். அந்தப் பந்தல் ராஜமாணிக்கத்தினுடையது. திருவாலங்காட்டில் நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவர். இருபது காணிக்குச் சொந்தக்காரர். திருவிழா நாட்களில் குடும்பத்தோடு இங்கே வந்து, நீர்மோரும் தண்ணீரும் தன் கையால் வார்ப்பார்.

"நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் நான் இங்க தண்ணி ஊத்தலாங்களா?" என்று கேட்டான்.

ராஜமாணிக்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாத்தியாரு பையன் இல்ல? தாராளமா வா தம்பி. இந்த வருசம் படிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் நல்ல புத்தி வந்துகினு கீது."

அந்தப் பேச்சை அவன் காதிலேயே வாங்கவில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்ற சந்தோஷம் அவனுக்கு.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர். "எங்க வூட்டு வேண்டுதல் இது. தலைமுடிய சாமிக்குக் குடுத்தவந்தான் இந்தப் பானையைத் தொடணும்."

"தலைமுடியா?"

"ஆங். மொட்டை."

அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை. இதில் இன்னொரு தலைவலி வேறு. வருகிறவர் தர்ம சங்கத்துச் சென்னைக்காரர், பெரிய மனுஷி, அவரை ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவது தன் கடமை என்று அப்பா கிளம்பி நின்றார்.

"வேணாம் நைனா. நானே பாத்துக்கறேன்."

"நீ உன் சேவையைப் பாரு. நான் அவங்களைப் பாத்துக்கறேன். எங்க நடக்குது உன் சேவை?"

"பொய்கைக் கரையில," என்றான் மென்று விழுங்கி.

"பேஷ். நம்ம ஏசுவும் கரையிலதான் ஊழியம் செஞ்சாரு," என்றார் அப்பா.

காலை எட்டு மணிக்குச் சுந்தர்சிங் நாவிதர் பஞ்சாட்சரத்தின் முன்னால் குந்தினான். கல்லூரி நாளிலிருந்து பக்கவகிடு எடுத்து, எண்ணெய் தேய்த்துப் பேணி வளர்த்த கிராப்பு ஐந்து நிமிஷத்தில் மடியில் விழுந்தது. எழுந்திருக்கப் போனவனின் தலையில் பஞ்சாட்சரம் ஒரு கை சந்தனத்தை அப்பினார்.

"சந்தனம் வேணாங்க."

"சந்தனம் இல்லாம மொட்டை உண்டா? வெயிலு பொளக்கும்," என்று நெற்றியிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

துடைக்கப் போனான். அதற்குள் கடைத்தெருப் பக்கம் சபைக்கார அம்மாள் ஒருத்தி வருவது தெரிந்தது. துடைப்பதை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பந்தலுக்குள் பானைக்குப் பின்னால் நின்றுகொண்டான். துணியில் எழுதி வைத்திருந்த 'யாத்ரீகர் சேவைச் சங்கம்' என்ற பதாகையை மூங்கிலில் கட்டினான். ராஜமாணிக்கம் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "நான் போய் ஒரு வாய் சாப்ட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

முதலில் வந்தவர் காவடி எடுத்து வந்தவர். கால் கொப்பளித்து, நா வறண்டு நின்றார். சுந்தர்சிங் சொம்பை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"தண்ணிங்க," என்றான் இவன்.

"சொல்லுப்பா."

"என்னங்க சொல்லணும்?"

"மொட்டை போட்டுகினு நிக்கற, சாமி பேரு சொல்லாம தண்ணி குடுப்பியா? காவடியோட வந்தவன் எப்பிடிக் குடிப்பேன்?"

சுந்தர்சிங் அக்கம்பக்கம் பார்த்து, தொண்டைக்குள்ளேயே, "அரோகரா" என்றான்.

"கேக்கல."

"அரோகரா."

"வயித்துலேர்ந்து சொல்லு. பசங்க எல்லாம் பின்னால காஞ்சிகினு வர்றாங்க."

பின்னால் முப்பது பேர் வந்து நின்றுவிட்டார்கள். வெயிலும் தாகமும் சேர்ந்து எல்லார் முகத்திலும் கோபமாக ஏறியிருந்தது. விட்டால் பானையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போலிருந்தது. சுந்தர்சிங் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சொம்பைத் தலைக்கு மேல் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "வேலனுக்கு அரோகரா!"

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு ஜட்கா நின்றது. வண்டிக்காரன் கங்காதரன் கடிவாளத்தைப் பிடித்திருந்தான். வெள்ளைப் புடவையும் குடையுமாக ஓர் அம்மாள் இறங்கினார். அவருக்குப் பின்னால், சரிகைத் தலைப்பாகையோடு, வாய் பாதி திறந்தபடி அப்பா.

மிஸ் லோயிஸ் வழி கேட்கவில்லை. நேரே வந்து பந்தலுக்குள் நிழலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"இவர்தான் உங்க மகனா?" என்று ஜெபதாஸைக் கேட்டார்.

ஜெபதாஸ் மொட்டையைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். முப்பது வருஷம் வேதபாடம் சொல்லிக் கொடுத்த வாய், தானாகவே, "இந்த ஆளை நான் பாத்ததே இல்லீங்க" என்றது.

சுந்தர்சிங்குக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பூமி பிளக்கவில்லை. மிஸ் லோயிஸ் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"நான்தாங்க சுந்தர்சிங்," என்றான் கம்மிய குரலில்.

"சந்தோஷம். எத்தனை வருஷமா நடத்தறீங்க?"

"அஞ்சு."

"மொட்டை?"

"அது... சங்கத்து விதிங்க."

"அப்படியா," என்று அதையும் எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, சாப்பிட்டுவிட்டு ராஜமாணிக்கம் பந்தலுக்குள் நுழைந்தார். மிஸ் லோயிஸ் நிமிர்ந்து, "இந்தப் பெரியவர் யார்?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான். ஆனால் பொய் என்பது வழுக்குப் பாறை. ஒரு கால் வைத்தவனுக்கு மறு கால் நிற்காது. "நம்ம சங்கத்துல தண்ணி எடுக்கற ஆளுங்க," என்றான்.

ராஜமாணிக்கம் ஒரு வினாடி நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, இதெல்லாம் கேட்டுப் பழகியவர்போல, "ஆங், ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, காலிக் குடத்தோடு பொய்கைப் படியில் இறங்கினார். அறுபது வயது முதுகு. படி ஈரமாக இருந்தது. நிதானமாகக் கால் வைத்து இறங்கினார்.

அந்த முதுகைச் சுந்தர்சிங்கால் பார்க்க முடியவில்லை. மொட்டைத் தலையில்கூட அவனுக்கு இவ்வளவு கூசவில்லை. தன் அப்பா தன்னைத் தெரியாது என்று சொன்னபோதுகூட இவ்வளவு கூசவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் மிஸ் லோயிஸ் நோட்டை மூடிவிட்டு எழுந்தார். ஜட்கா ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. அப்பா, திரும்பிப் பார்க்காமல், வண்டியில் ஏறிக்கொண்டார்.

சுந்தர்சிங் சொம்பைப் போட்டுவிட்டு ஓடினான். கூட்டம் 'யாரோ சாமி வந்து ஓடறான்' என்று வழிவிட்டது. ஒரு மைல் ஓடி, ஸ்டேஷனுக்குள் புகுந்தபோது, மிஸ் லோயிஸ் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா," என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது. "அந்தப் பந்தல் என்னுது இல்லீங்க. தண்ணி எடுக்கறவர்னு சொன்னேனே, அவருதுங்க அது. மொட்டை இன்னிக்குக் காலையில போட்டதுங்க. நான் ஒரு சேவையும் செஞ்சதில்லீங்க. ஒரு ஆட்டைக் கட்டினேன், அவ்ளோதான்."

பிளாட்பாரத்தில் கொஞ்சம் தள்ளி நின்ற ஜெபதாஸ் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "இவன் என் பிள்ளைதாங்க. தெரியாதுன்னு சொன்னேன். அவனைவிடப் பெரிய பொய்யி என்னுது."

மிஸ் லோயிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

"நல்லது. முடிவு தபால்ல வரும்," என்றார். வண்டி நகர்ந்தது.

ஜெபதாஸ் தம் தலைப்பாகையை எடுத்துப் பிள்ளையின் மொட்டையில் வைத்தார். வெயிலுக்காகவா, ஊர்க் கண்ணுக்காகவா என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வெளியே வரும்போது சுந்தர்சிங்கின் நெஞ்சில் ஒரு மூலையில், அந்த வெட்கத்துக்கு நடுவிலும், சின்னதாக ஒரு ஆசை தலை நீட்டியது. அதை அப்பாவே வாய்விட்டுச் சொன்னார்.

"போனா போகுதுடா. பொய் சொன்னவன் ஊர்ல எத்தனையோ பேரு. மொட்டைத் தலையோட இவ்ளோ தூரம் ஓடியாந்து, ரயில் ஜன்னலைப் புடிச்சிக்கினு உண்மையை ஒத்துக்கறவன் எத்தனை பேரு? அதுக்காகவாவது உனக்குத்தான் குடுப்பாங்க. குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?"

குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த கங்காதரன் தலையைச் சொறிந்தான்.

"அதாங்க வாத்தியாரே எனக்கும் புரியல," என்றான். "முந்தாநாளு அதே பந்தலுக்கு அந்தம்மாவை இட்டாந்தேன், அங்க ஒரு அரக்கோணத்து பி.ஏ. நின்னாரு; நேத்து இட்டாந்தேன், ஒரு சித்தூரு பி.ஏ.; அவங்க ரெண்டு பேரும் இதே மொட்டையோட ஓடியாந்து, இதே ஜன்னலைப் புடிச்சிகினுதாங்க அழுதாங்க."