கங்கோங் கிராணியின் நாற்பத்து மூன்றாவது வயது

பினாங்குத் தீவில் விளைந்த கீரையில் பாதியை ஒரே மனிதர் தின்று தீர்த்தார் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் மட்டும், "பாதிதானா?" என்று கேட்பார்கள்.

ஜார்ஜ் டவுனில் கல்யாணமாகாத குமாஸ்தாக்கள் நாலு பேர் சேர்ந்து வீடெடுத்து, சமையலுக்கு ஆள் வைத்து, வாரத்துக்கு ஒருவர் முறைபோட்டுப் பசாருக்குப் போய்க் கறிகாய் வாங்கி வருவது அந்தக் காலத்து வழக்கம். எங்களில் மூத்தவர் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. கங்கோங் கீரை இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். அதனால் கங்கோங் கிராணி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பாவும் அண்ணனும் நாற்பத்திரண்டு வயதில் நீரிழிவில் போய்ச் சேர்ந்தவர்கள். இவருக்கு அப்போது நாற்பத்தொன்று. பெண் பார்க்கலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நாப்பத்து மூணு ஆகட்டும்" என்று ஒரே பதில்.

"கீரை தின்னா அந்த வியாதி வராதுன்னு டாக்டர் சொன்னாராண்ணே?" என்று கேட்டேன்.

"வராதுன்னு சொல்லல தம்பி. வர்றது குறையும்னாரு. குறைஞ்சா போதும்லா."

நாங்கள் செய்த தப்பு, சோம்பேறித்தனத்தில் எங்கள் பசார் முறையையும் அவர் தலையில் கட்டியது. அவர் மறுக்கவே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து வீட்டுக்குள் ஆட்டுக்கறி வருவது நின்றது. கீரைத் தோட்டங்கள் இருந்த ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் டிராமில் கீரைக் கூடையை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே வருவார். காலையில் கொய்யா, மத்தியானம் கங்கோங், ராத்திரி மத்தியானத்துக் கங்கோங்.

"மத்தவங்களுக்கு நாப்பது நாள்தான் கறியில்லாத தவக்காலம், நமக்கு வருஷம் பூரா" என்று புலம்புவான் எங்கள் நால்வரில் ஒருவனான ஆரோக்கியசாமி. கறி இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடாகவே மதிக்காதவன். தித்திக்கும் டுரியான் பழம் வரும் காலத்தில், "அதுவும் பழந்தானே அண்ணே" என்று வாதாடிப் பார்த்தான்.

"அது பழமில்ல, கல்யாணச் சாப்பாடு" என்று தள்ளிவிட்டார் கிராணி.

நாற்பத்து மூன்று பிறக்க ஒரு மாதம் இருக்கையில், கிடங்கில் அவர் காலில் ஆணி குத்தியது. புண் ஆறவில்லை. அவர் அண்ணனுக்கும் காலில்தான் ஆரம்பித்தது. மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கீரை கொடுத்தால், "வேணாம் தம்பி" என்றார்.

மறுநாள் கீரைக் கூடையோடு டிராமிலிருந்து இறங்கியவன் ஆரோக்கியசாமி. நேரே அவர் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எந்திரிச்சுத் தின்னுங்கண்ணே. நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டிக்கிட்டுச் சாப்பிடறது?"

அவர் தின்றார். மூன்று வாரத்தில் புண் ஆறியது. மருந்தாலா கங்கோங்காலா என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்று பிறந்த அன்று, எங்களுக்காக அவரே பசாருக்குப் போய் ஒரு கூடை ஆட்டுக்கறி வாங்கி வந்தார். தட்டில் கறி மணக்கிறது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஆரோக்கியசாமிதான் சமையற்கட்டைப் பார்த்துக் கேட்டான்.

"கங்கோங் எங்க?"