கேமரா கண்டுபிடித்த மிருகம்

லாரிக் குடும்பத்தில் பிறந்தவனைக் கேமரா வாங்க அனுப்பக் கூடாது. பழைய லாரி என்றால், பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் எங்கள் வெண்ணந்தூர் வீட்டில் யாரும் வாங்கமாட்டோம். கேமராவையும் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று நம்பிய மகா புத்திசாலி நான்.

என் மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. அவள் வளர்க்கும் ஹாம்ஸ்டர் எலியின் பெயர் கடுகு. 'என் செல்லப்பிராணி' என்று பள்ளியில் படத்தோடு எழுதி வரச் சொன்னார்கள். என் போனில் எடுத்தால் கடுகு மங்கலான பஞ்சு உருண்டையாகத் தெரிந்தது. சரி, கிட்டத்தில் எடுக்கும் கேமராவே வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். அவள் பள்ளிக்குப் போன பிறகு, மூடியில் ஓட்டை போட்ட டிபன் டப்பாவில் கடுகையும் எடுத்துக்கொண்டேன். (அவளிடம் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம் என்று தைரியம்.)

சேலத்துக் கடைக்காரர் ஒரு கேமராவை நீட்டினார். "இது மிருகத்தோட கண்ணத் தானாவே தேடிப் புடிக்குமுங்க." சோதிக்க ஒரு கரடி பொம்மையை வைத்தார்.

"பொம்மை அசையாதுங்களே. ஓடறத எடுத்துக் காட்டுங்க," என்று டப்பாவைத் திறந்தேன்.

"ஏனுங்க, எலியவா கடைக்குள்ள கொண்டாந்தீங்க!"

"எலி இல்லீங்க, ஹாம்ஸ்டருங்க," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கடுகு மேஜையிலிருந்து குதித்து மாயமானது.

கடைக்காரர் கதவைச் சாத்தினார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்த ஒரு அம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்று, "அத மொதல்ல புடிங்க சாமி!" என்று அலறினார். நான் தரையில் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் தலையை விட்டு, "கடுகு, வா தங்கம்" என்று கெஞ்சினேன். அதற்குப் பிடித்த சூரியகாந்தி விதைகள் என் சட்டைப் பையில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். வரவில்லை. யாழினி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்ததும் உண்மையிலேயே அழுகை வந்தது. நெஞ்சு வேறு படபடவென்று அடித்துக்கொண்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அசையாதீங்க!" என்ற கடைக்காரர் கேமராவைத் தூக்கிப் படபடவென்று நாலைந்து படம் எடுத்தார். "உங்க சட்டச் சோப்புல பாருங்க."

அடித்தது நெஞ்சு இல்லை. கடுகு என் சட்டைப் பைக்குள் உட்கார்ந்து விதை தின்றுகொண்டிருந்தது.

படத்தைக் காட்டினார். கடுகு வழக்கம்போல மங்கல். கேமரா தேடிப் பிடித்த மிருகத்தின் கண்ணோ என்னுடையது. கண்ணீர்த்துளி, மூக்கில் ஒட்டிய ஒட்டடை எல்லாம் அவ்வளவு துல்லியம். அவமானத்தில் அந்தக் கேமராவையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

விஷயம் தெரிந்ததும் யாழினி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கடுகை அழகாகப் பத்துப் படம் எடுத்துக் கொடுத்தேன். அவள் பள்ளிக்குக் கொண்டுபோனதோ அந்தக் கடைப் படத்தைத்தான். இன்றும் அது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் என் மனைவி அதன் கீழே யாழினி எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள்:

"என் செல்லப்பிராணி. சாதுவானது. சொல்லாமல் வெளியே போகும். தொலைந்தால் அழும். எங்கள் கடுகுதான் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்தது."