பொட்டலத் தாளில் ஒரு வருஷம்

அன்றைக்குப் படிப்பகத்தில் இருந்தவர்கள்: செயலாளர் அண்ணன், என் தாய்மாமன் (தூக்கத்தில்), எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க தேவகோட்டையிலிருந்து வந்திருந்த பெரியவர், கேரம் பலகை எப்போது காலியாகும் என்று காத்திருந்த ஆறு பேர், தூறலுக்கு ஒதுங்கிய பால்காரர், நான். மொத்தம் பதினொன்று. ஆண்டறிக்கையில் செயலாளர் 'பெருந்திரளானோர்' என்று எழுதினார்.

மனிதன் நிலாவில் இறங்கிய வருஷம் அது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. காரைக்குடியில் எங்கள் தெருப் படிப்பகத்தைத் திறந்து பூட்டுவது என் வேலை. பேப்பரை எழுத்து விடாமல் படிப்பேன், படித்ததற்கெல்லாம் கவலைப்படுவேன். நிலாவுக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. (அவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டார்களாம்.)

இந்த வியாதியைத்தான் மாமா தேவகோட்டையில் உலக ஞானம் என்று விற்றிருந்தார். "பையன் எட்டாப்புதான். ஆனா பேப்பரு பூராம் மண்டைக்குள்ள இருக்கு." பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பையன் பேசிக் கேட்ட பிறகுதான் முடிவு என்று சொல்லிவிட்டார். மார்கழி ஞாயிறு மாலை படிப்பக ஆண்டு விழா. அதில் வருஷத்துச் செய்திகளைத் தொகுத்து நான் வாசிக்க வேண்டும். என் கல்யாணமே அந்த வாசிப்பில் தொங்கியது.

ஒரு சின்னச் சிக்கல். பேப்பர் இல்லை. கரையான் அரித்துவிடுமோ என்று பயந்து, அந்த வருஷத்துப் பேப்பர் அத்தனையையும் நானே மளிகைக் கடையில் எடைக்குப் போட்டிருந்தேன். ஓடினேன். கடைக்காரர் எல்லாவற்றையும் பொட்டலம் மடிக்க நாலு நாலாக வெட்டி வைத்திருந்தார்.

"புளி கட்டுனது போக இம்புட்டுத்தான் மிச்சம். அள்ளிக்கிட்டுப் போ."

"அண்ணே, நிலாவுல எறங்குன பேப்பரு இருக்கா?"

"அது வரமிளகாயோட போச்சு. எவுக வீட்டு அடுப்புல கிடக்கோ!"

கால் கால் பக்கமாக ஒரு வருஷத்தை ஒட்டினேன். பேங்க்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது கிடைத்தது. ஏன் என்பது கிடைக்கவில்லை. (வட்டி வாங்கியே வளர்ந்த எங்கள் ஊரில் பலருக்கு இன்றுவரை அது கிடைக்கவில்லை.) மாநிலத்துக்குப் பேர் மாறியது முழுசாக இருந்தது. மந்திரி ரிப்பன் வெட்டியது இருந்தது, பாலம் இல்லை. அப்படியே வாசித்தேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிரிக்கெட்டில் நம்மவர்கள் முதல் இன்னிங்ஸோடு நின்றிருந்தார்கள். அடுத்ததை நானே ஆடி, வழக்கப்படி தோற்கடித்தேன். சினிமா விழாவில் விருது வாங்கிய நடிகருக்குத் தலை இல்லை. விருது பளிச்சென்று இருந்தது.

கடைசியில் மறைந்தோர் பட்டியல். ஒரு தாளில் 'தேவகோட்டையில் இரங்கல்' என்று கொட்டை எழுத்து. கீழே, 'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. கருப்பையா அவர்கள்'. அதற்குமேல் கத்தரி விழுந்திருந்தது. தன் ஊர்க்காரர் பேரைக் கேட்டால் பெரியவர் மனம் குளிருமே என்று, நாடறிந்த தலைவர்களுக்கு அடுத்து அந்தப் பேரை வைத்தேன். பெரியவரின் பேர் எனக்குத் தெரியாது. மாமா அவரை மச்சான் என்பதோடு சரி. நான் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயம்.

மாமாவைத் தவிர எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பெரியவரும் தலை குனிந்து நின்றார். நிமிடம் முடிவதற்குள் செயலாளர் துண்டை விரித்தார். "கருப்பையா சாருக்கு இங்கன ஒரு படம் மாட்டணும். ஆளுக்கு ரெண்டு ரூபா போடுங்க."

பெரியவர்தான் முதலில் போட்டார். போட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, எனக்குத் தெரியாம தேவகோட்டையில இன்னொரு கருப்பையாவா?"

"தெரியலையே, ஐயா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியருன்னு போட்டிருந்துச்சு."

"நானும் அதேதான்."

"ஐயா பேரு...?"

"கருப்பையா."

தாளை வாங்கிப் பார்த்தார். "என் கூட்டாளி செத்ததுக்கு நான் தலைமை தாங்குன கூட்டம்ல இது! மிச்ச முக்காத் தாளு எங்க?"

"புளியோட போயிருச்சு, ஐயா."

மாமா அப்போதுதான் கண் விழித்தார். "என்ன மச்சான், பையன் எப்புடிப் பேசுனான்?"

"நல்லாத்தான் பேசுனாப்ல. நான் உசுரோட இருந்து கேட்டதுதான் அதிசயம்."

கல்யாணம் போயிற்று என்று நான் மற்றத் தாள்களைச் சுருட்டினேன். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"வேலையை விட்டு வந்த நாள்லேர்ந்து என்னையப் பாத்து ஒரு பய எந்திரிச்சு நிக்கல. இன்னைக்கு ஒம்பது பேரு நின்னாக. தையில நாள் பாருங்க."

தையில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் நான் எந்தச் செய்தியைச் சொன்னாலும், என் மனைவி அரிவாள்மனையை விட்டுத் தலை தூக்காமலே கேட்பாள்: "மிச்ச முக்காத் தாளு எங்க?" இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

துண்டில் விழுந்த பணத்தைச் செயலாளர் திருப்பித் தரவில்லை, ரசீது போட்டாயிற்றாம். மாமனார் தான் போட்டதை என் கணக்கில் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு இருபது பொங்கலுக்குக் கேட்டார். கொடுத்துவிட்டால் என்னிடம் கேட்க அவருக்கு வேறென்ன இருக்கும் என்ற கவலையில் நான் கொடுக்கவில்லை. அவர் நிஜமாகவே போனபோது படத்தை என் செலவில் மாட்டினேன். செலவு வேறு, கடன் வேறு என்கிறாள் மனைவி. பாக்கி, ரெண்டு ரூபாய்.