ஆட்டுக்கல்லுக்குக் கிடைத்த அலுமினிய மேடை

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், குடிமக்களின் கால் சேற்றில் படக்கூடாது என்று சர்க்காருக்கு மனம் இரங்கியது. வீட்டுக்கு வெளியே மேடை போட விரும்புகிறவர்களுக்குத் தகுந்த பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப் பெரம்பலூரில் ஒரு ஆபீஸ் திறந்தார்கள். அதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

எங்கள் ஊர் குரும்பலூர்ப் பக்கம். கரிசல் மண். மழை பெய்தால் கொல்லை முழுக்க முழங்கால் சேறு. என் மகன் இளையபெருமாளுக்கு அப்போது ஏழு மாதம்; தவழ ஆரம்பித்திருந்தான். உள்ளே அடுப்பு, வெளியே சேறு. ஐப்பசி மழைக்குள் கொல்லையில் ஆறடிக்கு நாலடி ஒரு மேடை வந்துவிட்டால் பிள்ளை பயமில்லாமல் தவழ்வான். என் ஆசை அவ்வளவுதான்.

ஆனி மாதத்தில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். ஆபீசர் வேணுகோபால் பொருள்களை ஒவ்வொன்றாக அலசினார்.

"மரம் போட்டா கரையான் அரிக்கும். கல்லு பாவினா, கரிசல் மண்ணு வெடிக்கிறப்போ ஆளுக்கொரு பக்கம் சாயும். இரும்பு துருப்பிடிக்கும். சிமெண்டு கண்ட்ரோல்ல இருக்கு, கிடைக்காது. ஆகவே அலுமினியம். ஏரோப்ளேன் செஞ்சு மிஞ்சின தகடு."

"வெயில்ல சுடுமேங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஏரோப்ளேன் சூரியனுக்குப் பக்கத்துலயே பறக்குது. அதுல போறவங்க யாராச்சும் சுடுதுன்னு மனு கொடுத்தாங்களா?"

கொடுத்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

"மேடையோட உபயோகஸ்தர் யாரு?"

"இந்தப் பிள்ளைதாங்க."

"எடை எவ்வளவு? எடைக்குத் தக்கபடிதான் தகட்டோட கனம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளையின் எடையைச் சொன்னால் கண் படும் என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் உள்ளதைச் சொல்லமாட்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு, "சரியாவே சாப்பிடறதில்லீங்க. நாலு வீசை இருந்தா அதிகம்" என்றேன்.

எழுதிக்கொண்டார். மறு மாதம் சரிபார்க்கத் தராசோடு வந்தார். ஐந்தே கால் வீசை.

"பொய்த் தகவல். மனு தள்ளுபடி."

புது மனுவில் ஐந்தே கால் என்று எழுதினோம். அவர் வந்து நிறுத்தபோது ஐந்தரை.

"மறுபடியும் பொய்."

"பிள்ளை வளருதுங்க சார்."

"வளர்றதுக்கு முன்னாடி ஆபீசுக்குத் தெரியப்படுத்தினீங்களா?"

மூன்றாவது மனுவில் ஐந்தரை. பிள்ளைக்குப் பல் முளைத்துப் பேதியாகி, கால் வீசை குறைந்துவிட்டது. ஆபீசர் தராசையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏறினான், சரி. இப்போ இறங்கவும் ஆரம்பிச்சுட்டானா? இப்படிப்பட்டவனை நம்பி சர்க்கார் எப்படித் தகடு கொடுக்கும்? எடை மாறாத உபயோகஸ்தரா பார்த்துக் கொண்டாங்க."

ஐப்பசி பிறந்துவிட்டது. நான் அழாத குறையாக நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கலியம்மாள் கேட்டாள்:

"ஏன்டி, உங்க வூட்டு ஆட்டுக்கல்லு வளருதா, மெலியுதா? அது பேர்ல எழுதிப் போடு. தகடு வந்தப்புறம் கல்லு இருக்கா, பிள்ளை இருக்கான்னு யாரு பார்க்கப் போறா?"

அப்படியே எழுதினோம். குழவியோடு சேர்த்து எட்டு மணங்கு. ஆபீசர் நாலு ஆளை வைத்துத் தூக்கித் தராசில் நிறுத்தார். எட்டு மணங்கு. ஒரு பலம் எடை கூடவில்லை, குறையவில்லை.

"இந்தத் தாலுகாவுல இவ்வளவு நாணயமான உபயோகஸ்தரை நான் பார்த்ததே இல்லை" என்று கல்லைத் தட்டிக் கொடுத்தார்.

பதினோராம் நாள் மேடை வந்தது. கண் கூசும் பளபளப்பு. கல்லை நடுவில் ஏற்றி, ஒரு பலகையும் அடித்தார்கள்: 'உபயோகஸ்தர் ஆட்டுக்கல். பிறர் ஏறினால் மேடை பறிமுதல்.' ஆபீசர் எந்த நேரம் வருவாரோ என்று பிள்ளையை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. நானே சேற்றில் நின்றபடி எட்டித்தான் மாவாட்டினேன். பிள்ளை என் காலடியில் சேற்றோடு சேறாகத் தவழ்ந்தான்.

ஆனால் பார்க்க அழகாக இருந்ததை மறைக்க முடியாது. அரியலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துப் போனார்கள். ஒரு வருஷத்தில் வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல் மேடை ஏறியது. பெண் கொடுக்க வந்தவர்கள், "மாப்பிள்ளை வூட்டுக் கல்லு எதுல உக்காந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் ஆபீசை மூடிவிட்டார்கள். வேணுகோபாலே வந்து பலகையைக் கழற்றினார். "சட்டம் எடுத்தாச்சும்மா. இனிமே யாரு வேணும்னாலும் ஏறலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இளையபெருமாள் குடுகுடுவென்று ஓடிப் போய், ஈரக் காலோடு மேடைமேல் ஏறி நின்று சிரித்தான்.

நான் ஓடினேன். "இறங்குடா கழுதை, தடம் விழுது பார். அது கல்லு உக்கார்ற எடம்."

அவன் இறங்கிச் சேற்றில் நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் கலியம்மாளும் தன் மேடையிலிருந்து பேரனை இறக்கிக்கொண்டிருந்தாள்.